தாய்மாமனைக் கூட்டிட்டு வாங்க

அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்த தமிழர்களிலேயே எல்லோருக்கும் பிடித்துப்போன ஒரே மனிதர் எங்கள் கலெக்டர்தான். எனக்கு மட்டும் அவரைக் கண்டால் வயிறு எரியும்.

நான் சுலபத்தில் பொறாமைப்படுகிற ஆள் இல்லை. என்னோடு ஒரே விமானத்தில் வந்து இறங்கியவன் நியூ ஜெர்சியில் மூன்று கார் நிறுத்துகிற வீடு வாங்கினான்; கிரகப்பிரவேசத்துக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். எனக்குப் பின்னால் வந்தவனுக்கு எனக்கு முன்னால் கிரீன் கார்டு வந்தது, கை குலுக்கினேன். கொஞ்சம் அழுத்திக் குலுக்கியிருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் கலெக்டர் ஒரு வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றுகிற சத்தம் கேட்டால் போதும், எனக்கு உள்ளே திகுதிகுவென்று பற்றிக்கொள்ளும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் கலெக்டரே இல்லை. கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து எழுபதுகளில் சமூகப் பணி படிக்க வந்தவர். ஊரே டாக்டருக்கும் எஞ்சினீயருக்கும் படித்துக்கொண்டிருந்த காலத்தில் இதைப் படிப்பதற்காக ஒருவர் விமானம் ஏறினார் என்பதே அவருடைய முதல் கிறுக்குத்தனம். படித்து முடித்தவர், தப்புத்தண்டா செய்து பிடிபட்ட பிள்ளைகளை வைத்திருக்கும் கவுன்ட்டி விடுதியில் மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்து படிப்படியாக மேலே போய், தொண்ணூறுகளில் நான் அவரைப் பார்த்தபோது சிறுவர் கோர்ட்டையும் இளைஞர் சேவைத் துறையையும் மொத்தமாக நிர்வகித்துக்கொண்டிருந்தார். தீர்ப்புச் சொல்வதற்கு ஒரு ஜட்ஜம்மா இருந்தார். ஒரு பிள்ளை அந்த அம்மாள் முன்னால் போய் நிற்பதற்கு முன்னும் பின்னும் நடப்பதெல்லாம் இவருடைய ராஜ்யம்.

இந்த உத்தியோகத்தை எங்கள் ஆட்களுக்கு விளக்கிச் சொல்ல யாராலும் முடியவில்லை. நம் ஆட்களின் கடைகள் நிறைந்த ஐசலினில், மளிகைக் கடையில் புளி வாங்க வரிசையில் நின்ற ஒரு காரைக்குடிக்காரர்தான் தீர்த்துவைத்தார். "கவுன்ட்டின்னா நம்மூர் ஜில்லா. ஜில்லாவுல பெரிய ஆபீசர்னா கலெக்டர். இதுல என்னய்யா குழப்பம்?" அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் போயிற்று. அவர் வீட்டுக்கு போன் செய்தால் அவர் மனைவியே "கலெக்டர் குளிச்சிட்டிருக்காருங்க" என்றுதான் சொல்வார்.

கலெக்டர் என்று பெயர் வந்துவிட்டால் மனுக்களும் வரத்தானே செய்யும். ஸ்பீடிங் டிக்கெட் வாங்கியவர்கள், பக்கத்து வீட்டு நாயோடு தகராறு உள்ளவர்கள், மாமியாருக்கு விசா நீட்டிக்க வேண்டியவர்கள் என்று எல்லோரும் விருந்துகளில் அவரை மூலையில் தள்ளிக்கொண்டு போவார்கள். என் நண்பன் ஒருவன், டர்ன்பைக் நெடுஞ்சாலையில் தொண்ணூறு மைல் வேகத்தில் போய் மாட்டிக்கொண்டவன், டிக்கெட்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டான். கலெக்டர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார்.

"நம்ம அதிகாரமெல்லாம் பதினெட்டு வயசுக்குக் கீழதானுங்க" என்றார். "உங்களுக்கு வயசாயிருச்சுங்களே. ஒரு இருபது வருசம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா ஏதாச்சும் பண்ணியிருக்கலாமுங்க."

நண்பன் அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அதே விருந்தில் நானும் ஒரு நகைச்சுவை சொன்னேன். அது இன்றுவரை யாருக்கும் ஞாபகம் இல்லை.

அந்த 'ங்க'வைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டு மரியாதை அது. கலெக்டர் அதைச் சின்னவர், பெரியவர், திருடர், போலீஸ் என்று பார்க்காமல் வாரி இறைப்பார். சைக்கிள் திருடிப் பிடிபட்ட பதின்மூன்று வயதுப் பொடியன் எதிரே வந்து நின்றாலும் எழுந்துகொள்வார். "ப்ளீஸ் கம் சார். ப்ளீஸ் சிட் சார்." அவனுக்குப் பிறந்ததிலிருந்து யாரும் நாற்காலி போட்டதில்லை. உட்காருவதா, ஓடுவதா என்று தெரியாமல் பாதி உட்கார்ந்த நிலையிலேயே நடந்ததையெல்லாம் கொட்டிவிடுவான். இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் அவர் 'வாங்க, சாப்பிட்டீங்களா' என்றுதான் பேசுவார். நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற அந்தப் பிசாசுகள் அவரிடம் மட்டும் "சாப்ட்டேனுங்க அங்கிள்" என்று சொல்லும். இதைக் கேட்டுக்கொண்டு ஒரு மனிதன் எப்படித்தான் சும்மா இருப்பது?

அவருடைய கார் ஒரு நீளமான பழைய ஸ்டேஷன் வேகன். பின்பக்கம் முழுக்கக் கறுப்பு ஷூக்களும் டைகளும் கிடக்கும். கோர்ட்டுக்கு வருகிற பிள்ளைகள் பலருக்கு உருப்படியான ஷூ கிடையாது. கிழிந்த செருப்போடு ஜட்ஜம்மா முன்னால் நின்றால் பாதி தீர்ப்பு அப்போதே எழுதியாகிவிடும் என்பது அவர் கட்சி. அதனால் எந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் திரும்பும்போது அந்த வீட்டு ஷூ ஒரு ஜோடி அவரோடு போய்விடும். என் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி உற்சாகத்தில் என் நீல நிற டையையும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். நான் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குக் கட்டிக்கொண்டு போன ராசியான டை அது. "உங்களுக்கு அது எடுப்பாவே இல்ல, விடுங்க" என்றாள். கலெக்டர் பெரிய மனதோடு, "அப்படியெல்லாம் இல்லீங்க, சாருக்கு எதைக் கட்டினாலும் ஒண்ணுதானுங்க" என்றார்.

ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில் வண்டியைத் திருப்பி அவருடைய அலுவலகத்தைப் பார்க்கப் போனேன். உள்ளே போகவில்லை. கார் நிறுத்துமிடத்தில் அவருடைய பதவியைப் பொறித்து ஓர் இரும்புப் பலகை நட்டிருந்தார்கள். எனக்கு ஆபீசில் தடுப்புச் சுவருக்குள் ஒரு மேஜை. அதில் என் பெயர் காகிதத்தில் அச்சடித்து செலோடேப்பால் ஒட்டியிருக்கும். ஏசி வேகமாக அடித்தால் அது கீழே விழும். அந்த இரும்புப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அன்றைக்கு ஆபீசுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன்.

சரி, ஷூவும் டையும் கிடக்கட்டும். அவருடைய கிறுக்குத்தனங்களுக்கெல்லாம் சிகரம் தாய்மாமன் சட்டம்தான்.

இதைப் பின்னாளில் எனக்கு முழுசாகச் சொன்னது டோலரஸ். கலெக்டரின் துறையில், பிடிபட்ட பிள்ளைகளையும் பெற்றோரையும் முதலில் உட்காரவைத்து விசாரிக்கும் அதிகாரி. ஆள் பார்ப்பதற்குக் கோயில் தேர் மாதிரி இருப்பார், குரல் மட்டும் குழந்தைக் குரல். ஒருநாள் கூட்டத்தில் ஒரு பையனைப் பற்றி எல்லோரும் அறிக்கை வாசித்தார்களாம். பள்ளிக்கூடத்து அறிக்கை, மனநல ஆலோசகர் அறிக்கை, போலீஸ் அறிக்கை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு கலெக்டர் கேட்டாராம்: "எல்லாம் சரி. இவனுடைய அம்மாவோடு பிறந்தவன் எங்கே?"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கலெக்டர் கரும்பலகைக்குப் போய்ப் படம் போட்டு விளக்கியிருக்கிறார். இதே தத்துவத்தை எங்களிடம் தமிழில் சொல்லுவார். "அப்பன் சொன்னா அது சண்டைங்க. அம்மா சொன்னா அது அழுகைங்க. மாமன் சொன்னாத்தானுங்க அது பேச்சு."

அன்றிலிருந்து எங்கள் கவுன்ட்டியில் ஒரு பிள்ளை முதல் தடவை சின்னத் தப்பு செய்து மாட்டினால், டோலரஸின் அறையில் முதல் கேள்வி: உன் அம்மாவின் சகோதரன் யார்? இரண்டாவது கேள்வி: அவரோடு உட்காரச் சம்மதமா? பிள்ளை சரி என்றால் மாமன் வர வேண்டும். உட்கார்ந்து பேசி ஒரு ஒப்பந்தம் போடுவார்கள். பிள்ளை என்ன வேலை செய்து தப்பைச் சரிக்கட்ட வேண்டுமோ அதை மாமனும் கூடவே செய்ய வேண்டும். பையன் பூங்காவைக் கூட்டினால் மாமனும் கூட்ட வேண்டும். முடித்துவிட்டால் கதை அங்கேயே தீர்ந்தது, பிள்ளையின் பெயரில் ஒரு கறையும் இருக்காது. பிள்ளை முடியாது என்றால் நேராக ஜட்ஜம்மாவிடம் போக வேண்டியதுதான்.

இன்னொன்றும் உண்டு. மாமன் வெறுங்கையோடு வரக் கூடாது. ஊரில் தாய்மாமன் சீர்த்தட்டோடு வருகிற பழக்கத்தை அப்படியே கொண்டுவந்து கோர்ட்டுக்குள் நுழைத்துவிட்டார். இதன் காரணம் எந்த அமெரிக்கனுக்கும் தெரியாது, ஆனாலும் கொண்டுவந்தார்கள். டோனட் டப்பா கொண்டுவந்தவர்கள் உண்டு, பொரித்த கோழி வாளி கொண்டுவந்தவர்கள் உண்டு. கார் மெக்கானிக்காக இருந்த ஒரு மாமன், கடையிலிருந்து நேராக வந்த அவசரத்தில், ஒரு புது வைப்பரைக் கொண்டுவந்து மருமகன் கையில் கொடுத்தாராம்.

டோலரஸுக்கு மறக்கவே முடியாத மாமன் ஒருவன். பதினாறு வயதுப் பையன், ஆறடி உயரம், கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டான். அம்மாவோடு பிறந்தவன் ஒரே ஒருவன்தான். பாட்டிக்குக் கடைசிக் காலத்தில் பிறந்தவன், வயது ஒன்பது. டோலரஸ் தயங்கியிருக்கிறார். கலெக்டர் தயங்கவில்லை. மாமன் என்றால் மாமன்தான், வயது எல்லாம் கணக்கில் வராது என்றுவிட்டார். மாமன் முழங்கால் வரைக்கும் தொங்கும் டை கட்டிக்கொண்டு, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். மருமகன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். "உன்னால எங்க அம்மா தினமும் அழுறாங்க. எனக்கு டிவி பாக்கவே முடியல" என்றான். ஆறடிப் பையன் தலையைக் குனிந்தவன் நிமிரவே இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கடைக்காரருக்கு ஒரு கோடைகாலம் முழுக்க அட்டைப்பெட்டி அடுக்கினார்கள்.

ஜட்ஜம்மா முதலில் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாராம். அப்புறம் பிள்ளைகள் இரண்டாம் தடவை வருவது குறைந்துபோனதும், வேறு கவுன்ட்டி ஜட்ஜுகளைக் கூட்டிவந்து பெருமையாகக் காட்ட ஆரம்பித்துவிட்டார். ஐசலினில் நம் ஆட்களுக்கு இதெல்லாம் எட்டியபோது வேறு பேச்சே கிடையாது. எந்த விருந்துக்குப் போனாலும் கலெக்டர், கலெக்டர், கலெக்டர். நான் அப்போது ஒரு டெலிபோன் கம்பெனிக்காக ராப்பகலாக உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதி முடித்திருந்தேன். அதைப் பற்றி ஒருவராவது கேட்க வேண்டுமே.

இந்த லட்சணத்தில்தான் என் அக்கா மகள் நந்து தபால் பெட்டியை இடித்தாள்.

அக்கா வசந்தா எங்கள் கவுன்ட்டியிலேயே வெஸ்ட் வின்ட்சரில் இருந்தாள். நந்துவுக்கு அப்போது பதினைந்து வயது. லைசென்ஸ் கிடையாது. ஒரு மத்தியானம் அவள் சிநேகிதிக்கு அவசரமாக ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. அக்காவும் அத்தானும் வேலைக்குப் போயிருந்தார்கள், வேன் சும்மா நின்றது. சிநேகிதியை பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ஜாக்கிரதையாக இறக்கிவிட்டுவிட்டாள். திரும்பி வரும்போது, வீட்டுக்கு ஒரு தெரு பாக்கி இருக்கையில், ஒரு வீட்டுத் தபால் பெட்டியைக் கம்பத்தோடு சாய்த்துவிட்டாள். இறங்கி மணியடித்துச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பயத்தில் நேராக வீட்டுக்கு வந்து, இடித்த தடம் தெரியாமலிருக்க வேனைக் கழுவ ஆரம்பித்தாள். டிசம்பர் மாதக் குளிரில், வாசலெல்லாம் உறையும்போது, எந்த வீட்டில் வேன் கழுவுவார்கள்? தேடிக்கொண்டு வந்த போலீஸ்காரருக்குக் கதவைத் தட்டுகிற வேலைகூட இல்லாமல் போயிற்று.

அக்கா முதலில் போன் செய்தது எனக்கில்லை, கலெக்டருக்கு. கலெக்டர் பாதியிலேயே நிறுத்திவிட்டாராம். "மன்னிச்சுக்கோங்க. உங்க வீட்டுல சாப்பிட்டவன் நானு. இதுக்குள்ள நான் தலை வெக்கப்படாதுங்க. இனி இதப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாதீங்க. உங்க தம்பி இருக்காருங்களே, அவர்தானுங்க வரோணும்."

அப்புறம்தான் அக்கா என்னைக் கூப்பிட்டாள். "கலெக்டர் முடியாதுன்னுட்டார்டா. வேற வழியில்ல, நீயே வா."

இப்படி ஓர் அழைப்பை எந்தத் தாய்மாமனும் வாங்கியிருக்க மாட்டான்.

"இது ரெக்கார்டுல ஏறிட்டா காலேஜ்ல கேப்பாங்களாமே" என்று அக்கா அழுதாள். "அவ உன்கூட உக்காந்தாத்தான் ஜட்ஜ் வரைக்கும் போகாம முடியுமாம். எப்படியாவது அவள சரின்னு சொல்ல வெச்சுடுடா."

"நான் அவ சொந்த மாமன்க்கா. சரின்னு சொல்லாம எங்க போவா?"

சொல்லிவிட்டேனே ஒழிய எனக்கே நிச்சயமில்லை. கலெக்டர் வந்தால் மாடியிலிருந்து தடதடவென்று ஓடிவருகிற பெண், நான் வந்தால் அங்கிருந்தே "ஹாய் மாமா" என்று ஒரு குரல் மட்டும் அனுப்புவாள்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். டோனட் கொண்டுவந்த மாமன்களை நான் பார்த்ததில்லை, ஆனால் அவர்கள் வாயடைத்துப் போகிற மாதிரி செய்வது என்று. என் மனைவியின் எவர்சில்வர் தட்டு மூன்றை எடுத்துக்கொண்டேன். ஒன்றில் ஆப்பிள், ஆரஞ்சு, வாழைப்பழம். இன்னொன்றில் ஐசலினில் வாங்கிய ஜாங்கிரி, மைசூர்பாகு. மூன்றாவதில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ, நடுவில் குடுமியோடு ஒரு முழுத் தேங்காய். கலெக்டர் சட்டம் போட்டார், அந்தச் சட்டத்தை முறைப்படி நிறைவேற்றிக் காட்டும் முதல் மாமன் நானாக இருக்க வேண்டும் என்று ஓர் ஆசை.

கோர்ட் வாசலில் பாதுகாப்புச் சோதனையில் தேங்காயை நிறுத்திவிட்டார்கள். காவலர் அதை எக்ஸ்ரே பெட்டிக்குள் இரண்டு தடவை அனுப்பினார். எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே தண்ணீர் சலசலத்தது. இன்னொரு காவலரைக் கூப்பிட்டார். அவரும் ஆட்டினார்.

"இது எதற்கு?"

"உடைப்பதற்கு" என்றேன்.

கோர்ட்டில் சொல்லக் கூடாத பதில் அது என்பது அப்புறம்தான் உறைத்தது. என்னைத் தனியாக நிற்கவைத்து, பாக்கெட்டுகளைத் தடவி, தேங்காய்க்கு ஓர் அட்டை கட்டி, திரும்பும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். பின்னால் வரிசையில் நின்ற அக்கா வேறு யாரோ போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டோலரஸ் அறையில் நந்து ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டு தட்டுகளையும் மூன்றாம் தட்டில் மிச்சமிருந்த வெற்றிலையையும் மேஜையில் வைத்தேன். டோலரஸ் மைசூர்பாகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நினைவு வந்தவர்போல நந்துவிடம் கேட்டார்.

"இவர் உன் அம்மாவோடு பிறந்தவரா?"

"யெஸ்."

"இவரோடு உட்காரச் சம்மதமா?"

நந்து என்னைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். "வேறு யாரையாவது கேட்கலாமா?" என்றாள்.

"யாரை?"

"கலெக்டர் அங்கிள்."

எனக்கு ஜட்ஜம்மா, ரெக்கார்டு, காலேஜ் எல்லாம் பின்னால் போய்விட்டன. என் அக்கா வயிற்றில் பிறந்தது, என் மடியில் உட்காரவைத்துக் காது குத்திய பெண், என்னை வைத்துக்கொண்டே இன்னொருவரைக் கேட்கிறாள்.

டோலரஸ் பொறுமையாகச் சொன்னார். அவர் இந்த இடத்துக்கே அதிகாரி, அவர் யாருக்கும் மாமனாக உட்கார முடியாது. அதுவும் தெரிந்தவர்கள் விஷயம் என்பதால் இன்று கட்டிடத்துக்குள்ளேயே இருக்க மாட்டேன் என்று போய்விட்டார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். கீழே அந்த ஸ்டேஷன் வேகனுக்குள் கலெக்டர் குல்லாவும் மப்ளருமாக உட்கார்ந்திருந்தார். குளிருக்காக இரண்டு கைகளையும் அக்குளில் செருகியிருந்தார்.

"இரண்டு பேரும் பேசுங்கள். முடிவெடுக்காவிட்டால் நான் ஜட்ஜுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டு டோலரஸ் அக்காவை அழைத்துக்கொண்டு வெளியே போனார். போகும்போது ஒரு மைசூர்பாகையும் எடுத்துக்கொண்டார்.

கதவு சாத்தியதும் கேட்டேன். "என்கிட்ட என்னடி குறை?"

"என்ன மாமா?"

"அவர் என்ன உங்கம்மாவோட பொறந்தாரா? நான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், நீ அவர் வேணுங்கற. அப்படி என்ன செஞ்சுட்டார் அவர் உனக்கு?"

நந்து என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "உனக்காகத்தான் கேட்டேன்."

"எனக்காகவா?"

"நீ எப்பவும் அவரைப் பத்தித்தானே பேசற? வீட்டுக்கு வந்தா, 'கலெக்டர் வந்தாரா, என்ன சொன்னார், என்ன சாப்ட்டார், என்ன ஷூ எடுத்துட்டுப் போனார்'னு அம்மாவை கேக்கற. அவர் பார்க்கிங் போர்டு என்ன கலர்னுகூட சொன்ன. யூ ஆர் லைக் ஹிஸ் பிக்கஸ்ட் ஃபேன், மாமா. அவர் வந்தா நீ ஹேப்பியா இருப்பேன்னு நெனச்சேன். இதுக்கெல்லாம் உன்னைக் கூப்பிட்டு டிஸ்டர்ப் பண்றமேன்னு எனக்கு ஒரே ஷேம்."

இத்தனை வருடமாக நான் கட்டிக் காத்த பொறாமை வெளியிலிருந்து பார்க்கிற குழந்தைக்குப் பக்தி மாதிரி தெரிந்திருக்கிறது.

"உன்கிட்ட நான் கேட்டதே இல்லையா?"

"எதைப் பத்தி?"

"எதையாவது."

நந்து யோசித்தாள். "ஒருதடவை மேத்ஸ்ல எவ்ளோன்னு கேட்ட."

மேஜையிலிருந்து ஒரு ஜாங்கிரியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "வேனை ஏன் கழுவின?" என்றேன். அவள் சொல்ல ஆரம்பித்தாள். ரயிலில் போன சிநேகிதியின் வீட்டில் என்ன சண்டை, அவள் யாரிடம் போனாள், தான் ஏன் யாரிடமும் சொல்லவில்லை, கம்பம் சாய்ந்த சத்தம் எப்படி இருந்தது, எல்லாம். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். டோலரஸ் இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். மூன்றாம் தடவை திறந்தபோது நந்துவே சொன்னாள். "நான் மாமாவோட உக்காந்துக்கறேன்" என்றாள், டோலரஸுக்குத் தமிழ் தெரியாது என்பதை மறந்துவிட்டு. டோலரஸுக்கு எப்படியோ புரிந்துவிட்டது.

ஒப்பந்தப்படி நானும் நந்துவும் உறைந்த தரையைக் கடப்பாரையால் குத்தி அந்த வீட்டுக்காரருக்குப் புதுத் தபால் பெட்டி நட்டோம். அது கொஞ்சம் சாய்ந்துதான் நின்றது. அதன் பிறகு குளிர்காலத்துச் சனிக்கிழமைகளெல்லாம் கலெக்டர் அலுவலகத்தின் நிலவறையில் உட்கார்ந்து, பிள்ளைகளுக்குச் சேர்த்துவைத்த ஷூக்களுக்குப் பாலிஷ் போட்டோம். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நந்து பேசிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பூச்சிகள் என்றால் உயிர் என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. கலெக்டர் அந்தப் பக்கமே வரவில்லை. மாடிப்படியில் ஒருநாள் எதிரே வந்தவர், எங்களைக் கண்டதும் திரும்பி மேலே ஏறிவிட்டார். அவ்வளவு கறார்.

எல்லாம் முடிந்து, நந்துவின் பெயரில் ஒன்றும் இல்லை என்று காகிதம் வந்த பிறகுதான் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தார். வசந்த காலம். பின்பக்கத்து மரத்தளத்தில் நானும் அவரும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே அக்கா அவருக்காக அடை வார்த்துக்கொண்டிருந்தாள். முதல் அடை அவருக்கு, வழக்கம்போல.

"டோலரஸ் சொன்னாங்க" என்றார். "மூணு தட்டோட வந்தீங்களாமா. அந்த அம்மா இன்னும் அந்த மஞ்சத் துண்டு எங்க கெடைக்கும்னு கேட்டுட்டே இருக்காங்க."

"மைசூர்பாகு" என்றேன், கொஞ்சம் விறைப்பாக.

அவர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பனுக்கு நாலும் பசங்கதானுங்க. எனக்கு அக்காளும் இல்ல, தங்கச்சியும் இல்ல. ஊருல எந்தக் கொழந்தைக்குக் காது குத்தினாலும் நான் பந்தியிலதானுங்க உக்காந்திருக்கேன். மணையில உக்காந்ததே இல்லீங்க. அன்னிக்கு நீங்க தட்டத் தூக்கிட்டு உள்ள போனத வண்டிக்குள்ள இருந்து பாத்தனுங்க. உங்களப் பாத்தாப் பொறாமையா இருந்துச்சுங்க. சொல்லப்படாது, சொல்லிட்டேன்."

எவ்வளவு வருடங்களாக நான் காத்திருந்த வார்த்தை அது. எழுந்து கூத்தாடியிருக்க வேண்டும். ஆனால் கவுன்ட்டியிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் மாமனைத் தேடிக் கொடுத்த மனிதர், தனக்கு அந்த இடம் கிடைக்க வழியே இல்லை என்று சொல்லிவிட்டு அடைக்காகக் காத்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நானும் தோட்டத்தைப் பார்த்தேன்.

நந்து தட்டோடு வெளியே வந்தாள். "கலெக்டர் அங்கிள், வெல்லமா, அவியலா?"

"அங்கிள் என்னடி அங்கிள்?" என்றேன். "மாமான்னு கூப்பிடு."

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "வெல்லம் வேணுமா மாமா?" என்றாள். கலெக்டர் தலையை மட்டும் ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று தெரியாமல் அவள் இரண்டையுமே வைத்துவிட்டுப் போனாள்.

எனக்கென்று இருந்த ஒரே பதவி அது. அதில் பாதியைத் தூக்கிக் கொடுத்ததில் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். வேறு யாராக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.